நடுக்கோடு

சாப்பிட்ட கையில் எலுமிச்சை ஊறுகாய் வாசம் இன்னும் போகவில்லை. அம்சவேணி திரையைப் பார்த்தாள், ஒரே புயல் இரண்டு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. வங்கக் கடலில் அது நிற்கிற இடத்திலிருந்து கிளம்பிய கோடுகளில் முக்கால்வாசி வடக்கே வளைந்து நெல்லூர்ப் பக்கம் கரையேறின. மிச்சக் கோடுகள் வளையவே இல்லை, நேர் மேற்கே வந்து வேதாரண்யத்தில் முட்டின. ஒவ்வொரு கோடும் ஒரு கம்ப்யூட்டர் மாடலின் வாக்கு. எங்கெங்கோ தேசங்களில், குளிரூட்டிய அறைகளில், பெரிய பெரிய இயந்திரங்கள் காற்றையும் கடல் சூட்டையும் கூட்டிக் கழித்துச் சொன்ன வாக்கு. நடுவில் ஒன்றுமே இல்லை. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட கரை பெருக்கிவிட்ட வாசல் மாதிரி வெறிச்சென்று கிடந்தது, அவள் பென்சில் முனை தானாக அங்கேதான் போய் நின்றது. ஏன் அங்கே போகிறாய் என்று கையைக் கேட்டாள். கை பதில் சொல்லவில்லை, அதற்குப் பழக்கம். இந்த வானிலை அலுவலகத்தில் ஜன்னலோர நாற்காலிக்குக் கோட்டு நாற்காலி என்று பெயர். புயல் காலத்தில் அதில் உட்காருகிறவர்தான் மாடல்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அரசாங்கத்தின் சார்பில் ஒற்றைக் கோடு போட வேண்டும். இயந்திரங்கள் ஆளுக்கொன்று பேசலாம், கலெக்டர்களுக்கு ஒரு கோடுதான் போகும். சாயங்கால அறிக்கையில் அந்தக் கோடு எந்தக் கரையைத் தொடுகிறதோ அந்தப் பக்கம் மீட்புப் படை லாரிகள் திரும்பும், பஸ்கள் திரும்பும், பள்ளிக்கூடங்களைத் திறந்து சோறு வடிப்பார்கள். தொடாத கரைக்கு, கனமழைக்கு வாய்ப்பு என்று ஒரு வரி வாசித்துவிட்டு விளம்பரத்துக்குப் போய்விடுவார்கள். திரும்பின லாரி மறுபடி வேறு பக்கம் திரும்ப ஒரு முழுப் பகல் பிடிக்கும், புயல் வருவதற்குள் மிச்சம் இருப்பதே நாளைப் பகல் ஒன்றுதான். இழுப்பறைக்குள் செல்போன் மறுபடி உறுமிற்று. கோடு போடுகிறவர் அறிக்கை போகும்வரை போனை எடுக்கக் கூடாது என்று இங்கே விதி, சொந்தக்காரர்களுக்கு முன்கூட்டி வாயைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக யாரோ ஒரு புண்ணியவான் போட்டது. எடுத்துப் பார்க்காமலே யாரென்று தெரியும். பவுனு, அவள் தங்கை. வேதாரண்யத்துக்குத் தெற்கே உப்பளத்தை ஒட்டி ஓட்டு வீட்டில் இருக்கிறாள், கூடவே சர்க்கரையில் ஒரு காலை இழந்த புருஷன் கலியமூர்த்தி.

நடுவில் போடு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதாத சட்டம் இது, ஆனால் இந்தக் கட்டடத்தில் எழுதின சட்டங்களைவிட இதற்குத்தான் மரியாதை. மாடல்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தால் நடுவில் போடு. புயல் வடக்கே போனாலும் பாதித் தப்பு, தெற்கே போனாலும் பாதித் தப்பு, முழுத் தப்பு என்று யாரும் விரலை நீட்ட முடியாது. வருஷக் கடைசியில் ஒவ்வொருவர் கோட்டுக்கும் புயல் போன வழிக்கும் எத்தனை கிலோமீட்டர் விலகல் என்று கணக்குப் பார்ப்பார்கள், அந்தக் கணக்கில் அம்சவேணியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவள் பெயரைப் பொறித்த கேடயம்கூட ஒன்று மாடிப்படி ஓரத்தில் மாட்டியிருக்கிறது, தூசு தட்டத்தான் யாருமில்லை. வீட்டில் அவள் புருஷன் மகாலிங்கம், காப்பியா டீயான்னு கேட்டா சுடுதண்ணி குடுங்கன்னு சொல்றவ நீ என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், ஆனாலும் அது அவளுக்குத் தைக்கும். மாமியாருக்கும் அம்மாவுக்கும் சண்டை வந்தபோது நடுவில் நின்றாள், பையன் மெக்கானிக்கலா சினிமாவா என்று குதித்தபோது நடுவில் நின்றாள், அவன் இரண்டும் இல்லாத ஒன்றைப் படித்துவிட்டு எங்கேயோ செல்போன் விற்கிறான். நடுவில் நிற்பது நிதானம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இன்றைக்கு இந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க வேறு என்னவோ தோன்றியது. இயந்திரங்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தில் துணிந்து நிற்கின்றன. நடுவே எந்த இயந்திரமும் புயலை அனுப்பவில்லை. யாருமே போகச் சொல்லாத வழியில் அதை அனுப்புகிற ஒரே ஆள் அவள்தான், அதற்குப் பெயர் மனித அனுபவம். நடுக்கோடு போட்டால் சென்னைக்கு லீவு விடுவார்கள், கடைகளில் பாலும் ரொட்டியும் தீர்ந்துபோகும், கோடிப் பேர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வராத காற்றுக்குக் காத்திருப்பார்கள். வருகிற இடத்தில், அது நெல்லூரோ வேதாரண்யமோ, கனமழைக்கு வாய்ப்பு. இதைத்தான் பாதித் தப்பு என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோமா, பாதி வீடா இடியும், பாதி ஆளா சாகும், என்று நினைத்தாள்.

"மேடம், மெஜாரிட்டி பாத்தா வடக்குதான்," என்றான் பக்கத்து மேஜையிலிருந்து நௌஷாத். மாடல்களைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். வயதில் சின்னவன், பல வருஷமாக மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டாளி.

"இது என்ன பஞ்சாயத்து எலெக்‌ஷனாப்பா, கை தூக்கினவங்கள எண்றதுக்கு?"

"அப்ப தெக்குங்கறீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"சொல்ல மாட்டீங்கன்னு தெரியும் மேடம்," என்று அவன் சிரித்தான், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "டைரக்டர் ரெண்டு தடவ கேட்டுட்டாரு. எங்க வச்சாலும் நாளைக்குப் பேச நம்ம கையில ஒரு பதில் இருக்கணுமாம்."

பதில் இருக்கிறது, நடுக்கோடு என்றால் பதில் எப்போதும் இருக்கிறது. அவள் திரும்ப மேகப் படத்துக்குப் போனாள். கடலின் மேல் வெள்ளையாகச் சுருட்டிக்கொண்டு கிடந்தது அது. அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், டிவிக்காரர்கள் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி அந்தப் பெயரைக் கூப்பிடுகிறார்கள், அவளுக்கு வாயில் வராது. அவளுக்கு அது வெறும் அதுதான். புயல் தன் காலால் நடப்பதில்லை, சுற்றியிருக்கிற காற்று தள்ளுகிற தள்ளுக்குப் போகிறது, ஆற்றில் போகிற வாழைமட்டை மாதிரி. தாழ்வாக ஓடும் காற்று இன்றைக்கு மேற்கே தள்ளுகிறது, வெகு உயரத்தில் ஓடும் காற்று வடக்கே இழுக்கிறது. நெட்டையாக வளர்ந்த புயலென்றால் மேல்காற்று தலைமயிரைப் பிடித்து வடக்கே தூக்கிக்கொண்டு போய்விடும். குட்டையாக இருந்தால் மேல்காற்றின் கைக்கு எட்டாது, கீழ்க்காற்றோடு நேரே மேற்கே வந்துவிடும். சண்டை இவ்வளவுதான். வடக்குக் கட்சி மாடல்கள் எல்லாம் இன்றைக்குள் அது நெட்டையாகிவிடும் என்று நம்புகின்றன. தெற்குக் கட்சி அது வளராது என்கிறது. நேரில் அளந்து பார்க்கலாமென்றால் காலையில் விட்ட பலூன் பாதி வழியிலேயே வெடித்துவிட்டது. அம்சவேணியின் கண்ணுக்கு அது குட்டை. குட்டை என்றால் பலமில்லை என்று அர்த்தமில்லை, கடுகு சிறுத்தாலும் காரம் போகாது. அதன் விளிம்பில் மேகம் பிய்ந்து பிய்ந்து நிற்கிற விதம், நடுவில் இருக்கிற வெள்ளை கொஞ்சம் அழுக்காக, பழைய பஞ்சு மாதிரி இருக்கிற விதம், இதையெல்லாம் யாராவது காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் எத்தனையோ புயல்களைப் பார்த்த கண். அந்தக் கண் சொல்கிறது, இது வளராது, இது வடக்கே போகாது, இது நேரே வீட்டுக்கு வரும். வீட்டுக்கு என்று நினைத்ததும் சட்டென்று நிறுத்தினாள். வேதாரண்யத்துக்கு என்றுதானே நினைத்திருக்க வேண்டும். வீட்டுக்கு என்று எப்படி வந்தது, எந்தப் புயல் அறிக்கையில் வீடு என்று ஒரு சொல் இருக்கிறது.

அங்கேதான் முள் மாட்டிக்கொண்டது. மனசு அதைச் சுற்றிச் சுற்றி வந்தது, எடுக்கவும் முடியவில்லை விடவும் முடியவில்லை. அவளும் பவுனும் பாவாடை கட்டுகிற வயதில் ஒரு புயல் வந்தது. ரேடியோவில் அது வடக்கே போகிறது என்றார்கள், அப்பா சிரித்துக்கொண்டே ரேடியோவை மூடிவிட்டு உப்பு மூட்டைகளுக்கு மேல் கீற்றுப் போடப் போனார். இருட்டின பிறகு காதுக்குள் யாரோ விரலை விட்டு அழுத்துகிற மாதிரி இருந்தது, பவுனு காது வலிக்குது காது வலிக்குது என்று அழுதாள், அதற்கப்புறம் ஓடுகள் ஒவ்வொன்றாக எழுந்திருக்கிற சத்தம். ஓடு பறக்கிற சத்தம் பயங்கரமாக இருக்கும் என்று நினைப்பார்கள், அப்படி இல்லை, யாரோ சீட்டுக்கட்டைக் கலைக்கிற மாதிரி சின்னச் சத்தம்தான். அப்பா அம்மாவின் புடவையால் இரண்டு பேரையும் சேர்த்து உப்புக் கிடங்கின் தூணோடு கட்டினார். வாய்க்குள் மணலும் உப்பும் போயிற்று. கட்டின முடிச்சு இறுகி இறுகி, பவுனுவின் விலா எலும்பு அவள் விலா எலும்பில் இடித்துக்கொண்டிருந்தது, அந்தச் சின்ன நெஞ்சு அடித்துக்கொள்வது அவள் முதுகில் கேட்டது. அதுதான் அவளை இந்தப் படிப்புக்கு அனுப்பியது, இந்த நாற்காலிக்கு அனுப்பியது, பேட்டி கேட்கிறவர்களிடம் அப்படித்தான் சொல்வாள், அதில் பொய் இல்லை. ஆனால் அந்த நெஞ்சடிப்பு இன்னும் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒருத்தி, வேதாரண்யத்தைப் பார்த்து ஒரு புயல் வருகிறதா இல்லையா என்று எப்படிச் சொல்ல முடியும். சொந்தப் பிள்ளைக்கு டாக்டர் கத்தி எடுக்க மாட்டார். கண் குட்டை என்கிறது, கண் சொல்கிறதா பயம் சொல்கிறதா. மாடலுக்குத் தங்கை கிடையாது. ஓட்டு வீடு கிடையாது, ஒற்றைக் கால் கலியமூர்த்தி கிடையாது, அதனால் அது தப்பாகச் சொன்னாலும் கலப்படமில்லாமல் தப்பாகச் சொல்கிறது. அவள் சரியாகச் சொன்னாலும் அதில் என்னென்னவோ கலந்திருக்கிறது.

சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று கண்ணை மூடினாள். பவுனை நெல்லூரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஓட்டு வீடு நெல்லூரில் இருக்கிறது, உப்பளத்துக்குப் பதில் இறால் குட்டைகள், கலியமூர்த்தி தெலுங்கு பேசுகிறான், ஒற்றைக் காலோடு கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து உங்க அக்கா போன் பண்ணினாளா என்று கேட்கிறான். இழுப்பறையில் உறுமுகிற போன் நெல்லூரிலிருந்து உறுமுகிறது. வேதாரண்யத்தில் யாருமே இல்லை, அது வெறும் படத்தில் ஒரு புள்ளி, கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்காத ஊர். இதையெல்லாம் நன்றாக நம்பின பிறகு கண்ணைத் திறந்து மேகப் படத்தைப் பார்த்தாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அது நெட்டையாகத் தெரிந்தது. நடுவிலிருந்த அழுக்கு வெள்ளை பளிச்சென்று வெளுத்து, மேலே மேலே எழும்பி, வடக்கே தலையைச் சாய்த்தது. மறுபடி பார்த்தாள், குட்டை. மறுபடி நெல்லூரை நினைத்தாள், எது என்று சொல்ல முடியவில்லை. போச்சு. எத்தனையோ புயல்களைப் பார்த்த கண் என்று பீற்றிக்கொண்ட கண் பாசம் போகிற பக்கம் போகிறது, அவ்வளவுதான் அதன் யோக்கியதை. இத்தனை வருஷமும் இப்படித்தான் பார்த்ததோ என்னவோ, பவுனு வழியில் இல்லாத புயல்களில் அது தெரியாமல் போயிருக்கும். தெற்கே போட்டால் தங்கைக்காகப் போட்டாள் என்று ஊர் சொல்லும், சொல்லட்டும், ஆனால் தனக்கே அது தெரியும்போது என்ன செய்வது. வடக்கே போட்டு, நான் பாசத்துக்கு மயங்காதவள் என்று நிரூபிப்பதற்காக வடக்கே போட்டு, அது தெற்கே வந்துவிட்டால்? அப்போது பவுனை நானே தூணடியில் நிறுத்திவிட்டு முடிச்சுப் போடாமல் போன மாதிரி. எந்தப் பக்கம் கையை வைத்தாலும் அந்தப் பக்கத்தில் பவுனு இருந்தாள், இருக்கிறாள் என்பதால் ஒரு பக்கம், இல்லை என்று காட்டிக்கொள்ள ஒரு பக்கம்.

பவுனு இப்படியெல்லாம் சுற்ற மாட்டாள். அந்தக் கால் சமாச்சாரம் வந்தபோது தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் உடனே எடுக்க வேண்டும் என்றார், இன்னொருவர் மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அம்சவேணி போனில் ரெண்டு நாள் பொறுத்துப் பாருடி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் பவுனு, எடுத்துடுங்க சார் என்று சொல்லிவிட்டாள். ஒரு மூச்சில். முட்டிக்குக் கீழேயே போயிற்று, உயிர் நின்றது. அப்புறம் கேட்டபோது, ரெண்டு பேர்ல எவரு பயந்த மொகத்தோட சொன்னாரோ அவர நம்புனேன்க்கா என்றாள். இதையெல்லாம் எந்த இயந்திரத்துக்குள் போட்டு அரைப்பது. அப்பேர்ப்பட்டவள் காற்று மழை விஷயத்தில் மட்டும் தானாக எதுவும் செய்ய மாட்டாள், அக்கா சொல்லட்டும் என்பாள். டிவியில் என்ன ஓடினாலும் அக்கா சொல்லட்டும். மாடத்தில் விளக்கு வைக்கிற மாதிரி ஒரு நம்பிக்கை, அதை நினைத்தாலே அம்சவேணிக்குக் கோபம் வந்தது. என்னை ஏண்டி நம்புகிறாய், என் கண்ணின் லட்சணத்தை இப்போதுதானே பார்த்தேன்.

நேரம் ஆகிவிட்டது என்று நௌஷாத் தொண்டையைக் கனைத்தான். வெளியே வெயில் மஞ்சளாக, எண்ணெய் தடவின மாதிரி வழுவழுவென்று இருந்தது, ஒரு இலை அசையவில்லை. அவள் பென்சிலை எடுத்துக் கடலிலிருந்து ஒரு கோடு இழுத்தாள். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, பெருக்கிவிட்ட வாசலில், பழகின மாடு கொட்டிலுக்குள் போகிற மாதிரி போய் நின்றது கோடு. போட்டு முடித்ததும் மனசு லேசாயிற்று, அப்படி லேசாவது அவளுக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் லேசாகத்தான் இருந்தது. யாருக்காகவும் போடவில்லை. யாருக்கு விரோதமாகவும் போடவில்லை. டைரக்டர் வந்து பார்த்து, "ம், இது சரி, சேஃபா இருக்கு" என்றார். யாருக்கு சேஃப் என்று நாக்கு நுனி வரை வந்ததை அம்சவேணி விழுங்கிக்கொண்டாள். நௌஷாத் தட்டச்சு செய்தான், புயல் நாளை மறுநாள் அதிகாலை சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடக்கக்கூடும். அறிக்கை போயிற்று. வரவேற்பு அறை டிவியில் அது சிவப்புப் பட்டையில் ஓட ஆரம்பித்தது, கீழே தெருவில் அதற்குள் யாரோ யாரையோ மெழுகுவத்தி வாங்கி வரச் சொல்லிக் கத்தினார்கள். அவள் இழுப்பறையைத் திறந்து போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். இனிமேல் பேசலாம், அறிக்கையில் இருக்கிறதை மட்டும் பேசலாம், அதுவும் விதி.

போன் முதல் மணி அடித்து முடிப்பதற்குள் பவுனு எடுத்துவிட்டாள்.

"என்னக்கா, போனே எடுக்க மாட்டேங்கறியே."

"டூட்டில இருந்தேன்டி."

"இப்பதான் டிவியில ஓடுது. மெட்ராசுக்கும் பாண்டிக்கும் நடுவுலயாம். நம்ம பக்கம் இல்லல்ல? இவரு கேக்கறாரு." பின்னால் கலியமூர்த்தியின் இருமல் கேட்டது. "அதுக்கில்லக்கா, வேன்காரன் வாசல்ல வந்து நிக்கிறான். இவர தூக்கி ஏத்திக்கிட்டுப் போயி மன்னார்குடியில விட்டுடறேங்கறான். வேணாம்னா வேற சவாரி இருக்காம், போயிருவானாம். டிவியிலதான் சொல்லிட்டாங்களே. அவன அனுப்பிடட்டுமா?"

புயல் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடக்கக்கூடும். வாக்கியம் தயாராக நாக்கில் இருந்தது, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவளே செய்து அனுப்பினது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அனுப்பாத. ஏறு," என்றாள்.

"என்னக்கா?"

"மாப்பிள்ளைய ஏத்திக்கிட்டு இப்பவே கிளம்பு. விடியட்டும்னு உக்காந்திருக்காத. மாத்து வேட்டியும் மருந்தும் எடுத்துக்க, வேற ஒண்ணும் வேணாம்."

அந்தப் பக்கம் டிவிச் சத்தம் நின்றது.

"இங்கதான் வருதா?"

"வருது."

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. படிக்கட்டின் சுவரில் சாய்ந்துகொண்டாள். மத்தியானம் பூராவும் கண்ணா பயமா, பாசமா புத்தியா என்று சல்லடை போட்டுச் சலித்தாளே, அந்தச் சல்லடை எங்கே போயிற்று. வேன்காரன் போய்விடுவான் என்றதும் வாய் ஒரு மூச்சில் சொல்லிவிட்டது. சொன்னதில் ஒரு துளி சந்தேகம் இல்லை, நெட்டையா குட்டையா என்ற கேள்வி இல்லை. தப்பாக இருக்கலாம். முழுத் தப்பாகவே இருக்கலாம், நாளை மறுநாள் அது நெல்லூரில் ஏறி, பவுனு மன்னார்குடியில் உட்கார்ந்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் இதுதான் அவள் சொல்ல நினைத்தது, மேஜை மேல் கிடக்கிற கோடு அல்ல. கோடு போட்டது யாரும் திட்டாமல் இருக்க, வாய் சொன்னது ஒருத்தி சாகாமல் இருக்க. தங்கைக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று வைத்திருக்கிறோமே என்று நினைத்தபோது முகம் சுட்டது அவளுக்கு.

அந்தப் பக்கம் பவுனு, வேன்காரனை இருக்கச் சொல்லு என்று யாரிடமோ கத்துவது கேட்டது, பிறகு கதவு இழுபடுகிற சத்தம், பிறகு மறுபடி போனுக்கு வந்தாள்.

"சரிக்கா, கிளம்பறோம். ஒண்ணு கேக்கணும்."

"சொல்லு."

"எதுத்த வீடு, பக்கத்து வீடெல்லாம் டிவிய நம்பி சோத்துக்கு ஒலை வச்சிட்டு உக்காந்திருக்குதுங்க. நான் வேன்ல ஏறுனா எங்கடி போறன்னு கேக்குங்க. அதுங்ககிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?"

படிக்கட்டில் ஒரு ஆள் இறங்கிப் போனார், கையில் டீ டம்ளர், அவளைப் பார்த்து வணக்கம் மேடம் என்றார்.

"அக்கா?"

"எல்லாரையும் கிளம்பச் சொல்லு. நீ போ, நான் பாத்துக்கறேன்," என்று போனை வைத்தாள்.

அறைக்குள் நௌஷாத் சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அடுத்த அறிக்கை ராத்திரிதான். நடுவில் அறிக்கையைத் திருத்துகிற வழக்கம் இங்கே கிடையாது, திருத்தினால் முன்னே சொன்னது தப்பு என்று ஊருக்கே தம்பட்டம் அடித்த மாதிரி ஆகும் என்று யாரும் செய்வதில்லை. அவள் அவன் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"நௌஷாத், திருத்தம் போடணும்."

அவன் நிமிர்ந்தான். "புதுசா ஏதாவது டேட்டா வந்துதா மேடம்?"

"இல்ல."

"மாடல் ஏதாவது மாறிச்சா? நான் பாக்கலியே."

"ஒண்ணும் மாறல. என் தங்கச்சிய கிளம்பச் சொல்லிட்டேன்."

அவன் புரியாமல் பார்த்தான், பிறகு புரிந்துகொண்டு பார்த்தான், பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். டைரக்டர் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவர் யாரிடமோ போனில், கவலைப்படாதீங்க சார், ரொம்ப பேலன்ஸ்டா போட்டிருக்கோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"மேடம்," என்றான் நௌஷாத் தணிந்த குரலில், "அது வடக்கே போயிடுச்சுன்னா தங்கச்சிக்காகப் போட்டீங்கன்னு சொல்லுவாங்க. ரிட்டயர் ஆகுற நேரத்துல உங்க பேரு..."

"சொல்லட்டும். அது நிஜந்தான். அவளுக்காகத்தான் போடறேன். அவ தெருவுல இருக்கறவங்களுக்கு அக்கா இல்லப்பா. டிவிதான் இருக்கு."

நௌஷாத் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சற்று முன் அனுப்பின அறிக்கையைத் திறந்து, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே என்று இருந்ததை அழித்தான். வெற்றிடத்தில் கோடு ஒன்று விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

"எந்த ஊருன்னு போடட்டும்?"

"வேதாரண்யம்," என்றாள் அம்சவேணி.